விடால் சசூன்: புகழ் பெற்றவர் கைவினைஞரா, நட்சத்திரமா?

கீழைக்காற்று எழுதியது:

பிரித்தானிய முடிதிருத்துநர் விடால் சசூனைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அவரிடம் முடிவெட்டிக்கொண்ட நடிகைகளின் பெயர்கள்தாம் முதலில் வந்து விழுகின்றன. புகழ்பெற்றவர்களின் தலையைத் தொட்டதால் தாமும் புகழ்பெற்ற ஒருவர் என்று அவரை வகைப்படுத்துவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இளமையில் அவர் எதைக் கற்றார், சொந்தக் கடை வைத்த பிறகு பல ஆண்டுகள் பிடிவாதமாக எதைத் தேடினார் என்ற இரண்டையும் முன்னால் வைத்துப் பார்த்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். அதை விரிவாக உரையாடவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அவர் 1928 ஜனவரி 17 அன்று லண்டனின் ஹாமர்ஸ்மித் பகுதியில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். தெசலோனிக்கியைப் பூர்வீகமாகக் கொண்ட தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றுவிட, தாய் பெட்டி இரண்டு ஆண்பிள்ளைகளோடு கிழக்கு லண்டனில் தம் சகோதரியின் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். இட நெருக்கடியும் வறுமையும் முற்றிய நிலையில் பிள்ளைகள் இருவரையும் யூத அனாதை இல்லம் ஒன்றில் சேர்க்க வேண்டியதாயிற்று. அங்கே சசூன் ஏறத்தாழ 7 ஆண்டுகள் வளர்ந்தார். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் மற்றக் குழந்தைகளோடு வில்ட்ஷயரின் கிராமப்புறத்துக்கு அனுப்பப்பட்டு, பின்னர் லண்டன் திரும்பி, 14 வயதில் ஒயிட்சேப்பலில் 'பேராசிரியர்' என்று எல்லாரும் அழைத்த அடால்ஃப் கோஹனிடம் தொழில் பழகச் சேர்ந்தார். இது தாயின் விருப்பமே தவிர அவருடைய விருப்பம் அன்று. பயிற்சிக் கட்டணமான 100 கினியை (கினி என்பது பழைய பிரித்தானியப் பண அலகு) கொடுக்க வழியில்லாமல் தாயும் மகனும் கிளம்பியபோது, அந்தச் சிறுவன் தாய்க்குக் கதவைத் திறந்துவிட்ட பண்பைக் கண்டு கோஹன் கட்டணமில்லாமலே சேர்த்துக்கொண்டார் என்று சசூன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். குண்டுவீச்சுக்கு அஞ்சி இரவைப் பாதுகாப்பறைகளில் கழித்துவிட்டு வந்தாலும், காலையில் நகம் சுத்தமாகவும் காலணி பளபளப்பாகவும் காற்சட்டை மடிப்புக் கலையாமலும் இருக்க வேண்டும் என்பது அந்தக் கடையின் விதி. ஒழுங்கின் மீது அவருக்கு வாழ்நாள் முழுதும் இருந்த பற்று அங்கே ஊன்றப்பட்டது என்றே நான் நினைக்கிறேன்.

போருக்குப் பின், ஆஸ்வால்ட் மோஸ்லியின் பாசிச ஆதரவாளர்கள் கிழக்கு லண்டன் தெருக்களில் மீண்டும் கூட்டம் போடத் தொடங்கினர். அவர்களை நேருக்கு நேர் எதிர்த்த '43 குழு' என்ற அமைப்பில் இளைஞரான சசூனும் சேர்ந்தார். 1948இல் இஸ்ரேலுக்குச் சென்று அங்கு நடந்த போரிலும் படைவீரராக இருந்தார். கட்டடக் கலைஞராக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்குரிய படிப்பு அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. இந்த நிறைவேறாத ஆசையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் 1954இல் லண்டனின் பாண்ட் தெருவில் தம் முதல் சலூனைத் திறந்த பிறகு அவர் பாவ்ஹாஸ் என்ற ஜெர்மன் கலைப்பள்ளியின் கட்டடக் கலையிலிருந்து எடுத்துக்கொண்ட கோடும் கோணமும் 1963இல் ஒரு முடிவெட்டாக உருப்பெறும் வரையிலான அந்த 9 ஆண்டுகள்தாம் அவருடைய வாழ்க்கையின் மையம்.

பழைய இதழ்கள் எழுதியது:

நண்பர் கீழைக்காற்று அவர்களின் அறிமுகம் நன்று. ஆயினும் புகழை இரண்டாமிடத்துக்குத் தள்ளுவதை நான் ஏற்கத் தயங்குகிறேன். சசூன் ஒரு காலத்தின் விளைவு. அந்தக் காலம் நிழற்படங்களாலும் பத்திரிகைகளாலும் ஆனது.

முடிதிருத்துபவர் ஒருவர் நட்சத்திரமாக முடியும் என்பதை அவருக்கு முன்பே ரேமண்ட் பெஸ்ஸோன் காட்டிவிட்டார். 'மிஸ்டர் டீஸி வீஸி' என்ற பெயரில் பிரித்தானியத் தொலைக்காட்சியில் தோன்றி வீடுதோறும் அறிமுகமான இவர், நடிகை டயானா டோர்ஸின் முடியை அலங்கரிக்க 1956இல் அமெரிக்கா வரை வரவழைக்கப்பட்டார். அந்த ஒரு பயணத்துக்கு ஆன செலவு 2,500 பவுண்டு என்று அக்காலச் செய்திகள் வியந்து எழுதின. லண்டனின் செல்வந்தர் பகுதியான மேஃபேரில் இருந்த இந்தப் பெஸ்ஸோனின் சலூனில்தான் சசூன் வேலை பார்த்தார். அத்தகைய இடத்துக்குள் நுழைவதற்காகவே அவர் குரல் பயிற்சி பெற்றுத் தம் கிழக்கு லண்டன் பேச்சுச் சாயலை மாற்றிக்கொண்டார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது, ஒரு பெயரை எப்படி ஊர் முழுதும் பரப்புவது என்பதையெல்லாம் அவர் அங்கே கற்றார்.

அடுத்து நடிகை மியா ஃபாரோவின் செய்தியை எடுத்துக்கொள்வோம். ரோமன் போலன்ஸ்கி இயக்கி 1968இல் வெளிவந்த 'ரோஸ்மேரிஸ் பேபி' படத்துக்காக, 5,000 டாலர் ஊதியத்துக்கு லண்டனிலிருந்து சசூன் அழைத்துவரப்பட்டார். படநிறுவனத்தின் அரங்கில், திரண்டிருந்த நிழற்படக் கலைஞர்களின் நடுவே ஃபாரோவின் முடி வெட்டப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே, தொலைக்காட்சித் தொடரில் நடித்துக்கொண்டிருந்த காலத்தில், தம் நீண்ட முடியைத் தாமே நகம் வெட்டும் கத்தரியால் குட்டையாக்கிக்கொண்டதாக ஃபாரோ கூறியிருக்கிறார். அப்படியானால் சசூன் செய்தது, ஏற்கெனவே குட்டையாக இருந்த முடியைச் சற்றுச் செப்பனிட்டதுதான். இன்றுவரை அந்த வெட்டு அவருடைய சாதனைகளுள் ஒன்றாகவே சொல்லப்படுகிறது. படத்தின் வசனத்திலேயே அவருடைய பெயர் இடம்பெற்றுவிட்டது. இது கைவினையின் வெற்றியா, விளம்பரத்தின் வெற்றியா?

சீப்பும் கத்தரியும் எழுதியது:

முடிதிருத்துவது என் தொழில். பழைய இதழ்கள் அவர்கள் எடுத்துக்காட்டிய ஃபாரோ செய்தி உண்மைதான். ஆனால் சசூனை அளக்க அது பொருத்தமான அளவுகோல் இல்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அவரை எதற்காக மதிக்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

அவருக்கு முன்னால் பெண்களின் சிகை அலங்காரத்தில் கத்தரிக்கு இரண்டாமிடம்தான். முடியை ஏதோ ஓர் அளவுக்குக் குறைத்து, சவரக்கத்தியால் அடர்த்தியைக் கழித்துவிட்டு, ஈரத்தோடு ரோலர்களில் சுற்றி, தலையை மூடும் டிரையரின் கீழ் நெடுநேரம் உட்காரவைத்து, காய்ந்த பிறகு பின்னோக்கிச் சீவி உப்பவைத்து, மேலே ஹேர் ஸ்பிரேயை அடித்து இறுகச் செய்வார்கள். சிகாகோவைச் சேர்ந்த மார்கரெட் வின்சி ஹெல்ட் 1960இல் உருவாக்கிய 'பீஹைவ்' என்ற உயர்ந்த கொண்டை இந்த முறையின் உச்சம். வடிவத்தைத் தாங்கி நின்றது ரோலரும் பசையுமே என்பதால், மழையோ காற்றோ தலையணையோ பட்டால் அது குலைந்தது. வாரந்தோறும் சலூனுக்குச் செல்வது வசதியுள்ள பெண்களின் கடமையாகவே இருந்தது.

சசூன் கேட்ட கேள்வி எளிமையானது: வடிவத்தை முடியின் வெட்டிலேயே வைத்துவிட்டால் என்ன? அதற்கு அவர் வகுத்த முறை இதுதான். முடியை அலசி, ஈரமாக இருக்கும்போதே தலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கிளிப் போட்டுக்கொள்ள வேண்டும். பிடரியில் ஒரு மெல்லிய வரிசையை இழுத்துச் சீவி, இழுவிசை மாறாமல் இரண்டு விரல்களுக்கிடையில் பிடித்து வெட்ட வேண்டும். அந்த முதல் வரிசையே வழிகாட்டி. அதற்கு மேலுள்ள ஒவ்வொரு வரிசையும் அதோடு ஒத்துப்போக வேண்டும். தலையிலிருந்து எந்தக் கோணத்தில் முடியை உயர்த்திப் பிடிக்கிறோம் என்பதே இறுதி வடிவத்தை முடிவு செய்கிறது. உயர்த்தாமல் வெட்டினால் கனம் அனைத்தும் ஓரத்தில் சேர்ந்து கூரிய கோடு கிடைக்கும். உயர்த்தினால் படிகள் விழும். வெட்டி முடித்ததும் குறுக்குவாட்டில் மீண்டும் பிரித்துச் சரிபார்க்க வேண்டும். இவ்வளவும் செய்வதற்கு முன்னால் கன்ன எலும்பு, தாடை, கழுத்தின் நீளம், உச்சியில் முடி சுழலும் திசை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஒருவருக்குப் பொருந்தும் கோணம் இன்னொருவருக்குப் பொருந்தாது. சரியாக வெட்டப்பட்ட முடி, தலையைக் குலுக்கினாலும் தானாகவே தன் இடத்தில் வந்து விழும்.

1963இல் உடை வடிவமைப்பாளர் மேரி குவாண்ட்டுக்கும் அவருடைய உடைகளை அணிந்து வந்த மாடல்களுக்கும் அவர் வெட்டிய 'பாப்' என்ற குட்டை முடிவெட்டு இந்தத் தேடலின் முதல் தெளிவான விளைவு. குவாண்ட் துணியை வெட்டுவதைப் போலத் தாம் முடியை வெட்டப்போவதாக அவரிடம் கூறியதைச் சசூன் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அதே ஆண்டில் நடிகை நான்சி குவானின் மிக நீண்ட முடியைத் தாடையை நோக்கிச் சரியும் ஒரே கோடாக வெட்டினார். டெரன்ஸ் டோனவன் எடுத்த அந்தப் படம் உலகம் முழுதும் சென்றது. 1964இல் மாடல் கிரேஸ் கோடிங்டனின் தலையில் பிறந்த 'ஃபைவ் பாயின்ட்' வெட்டை நான் இவை எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். இரண்டு காதுகளின் முன்னாலும் ஒவ்வொரு கூர்முனை, பிடரியில் மூன்று கூர்முனைகள். வேறு அலங்காரம் எதுவும் கிடையாது. அந்த ஐந்து முனைகளுள் ஒன்று இம்மியளவு பிசகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மறைப்பதற்குச் சுருளோ பசையோ இல்லாத வெட்டு அது. விளம்பரத்தால் ஒரு பெயரைப் பரப்பலாம். அந்தப் பிடரிக் கோட்டை விளம்பரத்தால் வெட்ட முடியாது.

மருதாணி எழுதியது:

சீப்பும் கத்தரியும் அவர்களின் விளக்கம் எனக்குப் பல செய்திகளைத் தெளிவாக்கியது, நன்றி. இருப்பினும் 'பெண்களை விடுவித்தவர்' என்று சசூனைப் போற்றும் வழக்கத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனக்குறைகள் உள்ளன.

முதலாவது, அந்த விடுதலையில் பாதி வேறொருவருடையது. வெட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதை ரோலரில்லாமல் உலர்த்தும் வழி இல்லையென்றால் பயனில்லை. கையில் பிடிக்கும் டிரையரையும் பிரஷ்ஷையும் கொண்டு பெண்களின் முடியை உலர்த்தும் முறையை 1962 வாக்கில் லண்டனின் மேஃபேரில் சலூன் நடத்திவந்த ரோஸ் இவான்ஸ்கி என்ற பெண்தான் தொடங்கினார். ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பிச் சிறு வயதில் இங்கிலாந்துக்கு வந்த யூதப் பெண் அவர். ஆண்களுக்கான முடிதிருத்தகம் ஒன்றில் ஒருவருடைய முன்முடியை இவ்வாறு உலர்த்துவதைக் கண்டு, அதைத் தம் வாடிக்கையாளரிடம் செய்துபார்த்தார். இன்று உலகில் எந்தச் சலூனுக்குள் நுழைந்தாலும் நடப்பது அதுவே. சசூனின் பெயர் தெரிந்தவர்களுள் நூற்றில் ஒருவருக்காவது இவருடைய பெயர் தெரிந்திருக்குமா என்பது ஐயமே. ஏழ்மையிலிருந்து வந்த யூத முடிதிருத்துநர்கள் இருவர் ஒரே நகரத்தில், ஒரே காலத்தில், ஒரே பழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவர் நட்சத்திரமானார், மற்றவர் தொழிலுக்குள் மட்டும் அறியப்பட்டார். புகழ் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைப் பற்றிப் பேசாமல் சசூனைப் பற்றிப் பேச முடியாது என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது, அந்த வெட்டு எல்லாத் தலைகளுக்கும் உரியதாக இருந்ததா? நேரான, அடர்த்தியான முடி அமைந்த நான்சி குவானின் தலையில் அது அழகாக விழுந்தது. சுருள் முடி உள்ளவர் என்ன செய்வார்? மேலும் முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அவ்வளவு துல்லியமான கோடு ஐந்தாறு வாரங்களில் கலைந்துவிடும் அல்லவா?

சீப்பும் கத்தரியும் எழுதியது:

மருதாணி அவர்களே, இவான்ஸ்கியைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமனத்தோடு ஏற்கிறேன். தொழில் பழகும் இளைஞர்களுக்கு அவருடைய பெயரையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கோடு கலைவது உண்மை. ஆனால் வாரம் ஒரு முறை என்பது ஆறு வாரத்துக்கு ஒரு முறை என்றானது சிறிய மாற்றமா? இடைப்பட்ட நாள்களில் அந்தப் பெண் வீட்டில் தாமே தலையை அலசி உலர்த்திக்கொள்ளலாம், மழையில் நனையலாம், நீந்தலாம். இன்னொன்று, நல்ல வெட்டு வளரும்போதும் வடிவத்தோடே வளரும். ரோலரால் வந்த வடிவம் ஒரே அலசலில் போய்விடும்.

சுருள் முடியைப் பற்றிய கேள்வி கடினமானது. 1963, 1964ஆம் ஆண்டுகளின் வடிவங்கள் நேர்முடியை மனத்தில் வைத்தே உருவானவை என்பதில் ஐயமில்லை. 1967இல் வந்த 'கிரீக் காடஸ்' அந்தக் குறையை ஓரளவு உணர்ந்ததன் அடையாளம்: குட்டையாக வெட்டிய முடியில் பெர்ம் செய்து, அதாவது மருந்திட்டு நிலைத்த சுருளாக்கி, பிரஷ் படாமல் விரல்களால் கோதிவிட்டு உலரவிடுவார்கள். ஆனாலும் அது நேர்முடியைச் சுருளாக்கியதே தவிர, இயல்பிலேயே சுருண்ட முடிக்கான முறையாக வளரவில்லை. அந்தப் பணியைப் பிற்காலத்தில் வேறு பலர் செய்தார்கள். சசூனின் முறைக்கு எல்லை இருந்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

கீழைக்காற்று எழுதியது:

உரையாடல் செல்லும் திசை மகிழ்ச்சி தருகிறது. பங்கீடு பற்றிய மருதாணி அவர்களின் கருத்தோடு ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். சசூன் சலூனின் வெட்டுகள் என்று அறியப்பட்டவற்றில் பல, அவரோடு பணியாற்றியவர்களின் கையிலிருந்தும் வந்தவை. ரோஜர் தாம்ப்சன் கலை இயக்குநராக இருந்து பல வடிவங்களுக்குக் காரணமாக இருந்தார். வடிவத்துக்கு ஏற்ப நிறம் பூசுவதை ஒரு தனிக் கலையாக வளர்த்தவர் ஆனி ஹம்ஃப்ரீஸ். 1974இல் டிரெவர் சோர்பி உருவாக்கிய 'வெட்ஜ்' என்ற முடிவெட்டு அடுத்த பத்தாண்டின் அடையாளமாயிற்று. இவர்களைச் சசூன் தம் நிழலில் மறைத்து வைத்திருந்தார் என்று நான் நினைக்கவில்லை. பலர் பின்னர் தத்தம் பெயரிலேயே புகழ்பெற்றார்கள், சோர்பி சொந்தமாகச் சலூனும் நிறுவனமும் தொடங்கினார்.

என் மையக் கருத்து இங்கேதான் இருக்கிறது. பெஸ்ஸோனின் ஆடம்பரம் அவரோடு முடிந்தது, ஏனென்றால் அது அவருடைய ஆளுமை; அதை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. சசூன் கண்டதோ கோணங்களாகவும் பகுதிகளாகவும் படிகளாகவும் பிரித்து எழுதிக்காட்டக்கூடிய ஒன்று. தொழில் இரகசியத்தைப் பொத்திப் பாதுகாக்கும் வழக்கம் மிகுந்த ஒரு துறையில், அவர் பயிற்சிப் பள்ளிகளைத் திறந்து அதை அனைவருக்கும் கற்பித்தார். 1965இல் நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் சலூன் திறந்தபோது, அந்த மாநிலத்தின் உரிமத் தேர்வு கைவிரலால் அலையிடுவது போன்ற பழைய திறன்களையே சோதிக்கிறது என்று அவர் வெளிப்படையாக எதிர்த்தார். அதை ஒரு நட்சத்திரத்தின் பிணக்காகச் சிலர் பார்க்கலாம். எனக்கு அதில் ஓர் ஆசிரியரின் கோபம் தெரிகிறது: இளைஞர்களுக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்பதே அங்கே கேள்வி.

பழைய இதழ்கள் எழுதியது:

கற்பித்தல் பற்றிய வாதம் வலுவானது. அதற்கு மறுப்புச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. ஆனால் புகழின் கதையை அதன் முடிவு வரை பின்தொடர்ந்தால்தான் இந்த மனிதரின் வாழ்க்கை முழுமையாகப் புரியும்.

1970களில் அவருடைய பெயர் தாங்கிய ஷாம்புகளும் கண்டிஷனர்களும் கடைகளுக்கு வந்தன. வாடிக்கையாளர் அழகாகத் தோன்றாவிட்டால் நாங்களும் அழகாகத் தோன்ற மாட்டோம் என்ற பொருளில் அமைந்த விளம்பர வரியோடு அவரே தொலைக்காட்சியில் தோன்றினார். முடிதிருத்துநர் ஒருவருடைய முகம் ஒரு பெருவணிகச் சரக்கின் முகமானது அந்த அளவில் அதுவே முதல் முறை எனலாம். 1983இல் அந்த வணிகத்தை ரிச்சர்ட்சன் விக்ஸ் நிறுவனம் வாங்கியது. 1985இல் அந்த நிறுவனத்தையே பிராக்டர் அண்டு கேம்பிள் வாங்கிவிட்டது. அன்று முதல் கடை அலமாரிகளில் இருந்த 'விடால் சசூன்' என்ற பெயரின் போக்கை முடிவு செய்யும் அதிகாரம் விடால் சசூன் என்ற மனிதரிடம் இல்லை. தம் பெயரிலான பொருள்களைப் புறக்கணித்துத் தன் மற்றச் சரக்குகளை அந்த நிறுவனம் முன்னிறுத்துவதாகக் குற்றம்சாட்டி அவர் 2003இல் வழக்குத் தொடர்ந்தார். 2004இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 75 வயதைக் கடந்த ஒருவர் தம் பெயருக்காக நீதிமன்றம் செல்ல நேர்ந்ததை நான் வருத்தத்தோடுதான் படித்தேன். அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின், 2009இல், பிரித்தானிய அரசு அவருக்கு சிபிஇ என்ற உயர் கௌரவ விருது அளித்தது; 2012 மே 9 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் தம் 84ஆம் வயதில் காலமானார்.

மருதாணி எழுதியது:

பெயர் கைமாறிய செய்தியைப் படிக்கும்போது, கீழைக்காற்று அவர்கள் சொன்னதன் மறுபக்கம் எனக்குத் தெரிகிறது. விற்கக்கூடியதாக இருந்தது பெயர் மட்டும்தான். பிடரி வரிசையை எப்படிப் பிடித்து வெட்டுவது என்பதை எந்த நிறுவனமும் வாங்கிப் பூட்டிவைக்க முடியவில்லை, ஏனென்றால் அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கற்றுக்கொண்டு தத்தம் ஊர்களுக்குப் போய்விட்டார்கள்.

சீப்பும் கத்தரியும் அவர்களிடம் ஒரு கேள்வி. தொழில் தெரியாத என்னைப் போன்றவர்கள் அந்தத் துல்லியத்தைக் கண்ணால் கண்டுணர எந்தப் படத்தைப் பார்க்கலாம்? எதைக் கவனிக்க வேண்டும்?

சீப்பும் கத்தரியும் எழுதியது:

டோனவன் எடுத்த நான்சி குவானின் படத்தையும், கோடிங்டனின் பிடரி தெரியும்படி எடுத்த படத்தையும் தேடிப் பாருங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், முகம் அழகானது, கவனத்தைத் திருப்பிவிடும். குவானின் படத்தில், பிடரியில் குறுகத் தொடங்கும் கோடு கன்னத்தை நோக்கி நீண்டு இறங்கும் சரிவைக் கண்ணால் தொடருங்கள். அந்தச் சரிவும் தாடை எலும்பின் சரிவும் எப்படி ஒன்றையொன்று தழுவிச் செல்கின்றன என்பது தெரியும். கோடிங்டனின் படத்தில் பிடரியின் நடுமுனையைப் பாருங்கள். அது முதுகெலும்பின் நேர்மேலே நிற்கும். பக்கத்து முனைகள் இரண்டும் அதிலிருந்து ஒரே தொலைவில் இருக்கும். பிடரி முடி யாருக்கும் இரண்டு பக்கமும் ஒரே திசையில் வளர்வதில்லை. ஒரு பக்கம் மேல்நோக்கியும் மறுபக்கம் சாய்ந்தும் வளரும் முடியில் அந்தச் சமநிலையைக் கொண்டுவர, வெட்டியவர் ஒரு பக்கத்தை மிகச் சிறிய அளவு நீளமாக விட்டிருக்க வேண்டும். எவ்வளவு நீளம் என்பதை எந்தப் பாடமும் சொல்லாது. ஒவ்வொரு தலையிலும் சீப்பை வைத்து, முடியை விழவிட்டு, பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.